அக்கா ஒப்புக்கொள்ளாத இரண்டாவது வரி

என் வயசுக்காரர்களே, நீங்கள் என்னைப் பற்றி வெளியே பேசுவது என் காதுக்கு வராமல் இல்லை. அஞ்சாவதோடு நின்றவன், கால்குலேட்டரைத் தொடமாட்டான், வாயாலேயே கணக்குப் போட்டு லாரியை அனுப்பிவிடுவான் என்கிறீர்கள். உண்மைதான். நான் எதற்கு மறுக்க வேண்டும்? ஜவ்வாது மலையிலிருந்து இறங்குகிற புளியில் என் தராசைத் தொடாமல் போவது கொஞ்சம்தான். திருப்பத்தூரில் கடை, மூன்று லாரி, மாடி வீடு, எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தவை. யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

ஆனால் ஒன்றை இங்கே எழுதியே கொடுத்துவிடுகிறேன். அந்த மலையில் பிறந்த மூளைகளில் பெரியது என்னுடையது இல்லை. அது என் அக்காவுடையது.

எனக்கு அல்ஜீப்ராவில் ஒரே ஒரு வகைக் கணக்குத் தெரியும். பட்டம் வாங்கியவர்கள் கடைக்கு வரும்போது அதைக் கேட்டுப் பார்ப்பேன். பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்வார்கள். நான் சிரித்துக்கொண்டே சரியான விடையைச் சொல்வேன். அதை எங்கே கற்றேன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். இன்றைக்கு மாற்றப்போவதில்லை.

நான் அஞ்சாவது படித்த வருஷம். பிளஸ் ஒன் என்ற வகுப்பு வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். காவலூருக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், பதினைந்து கூரைதான். அந்தப் பதினைந்தில் பத்தாவது தேறிய முதல் பெண் அவள். அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் சேர்ந்து, அங்கேயே விடுதியில் தங்கியிருந்தாள். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று என் கடையில் சரக்கு எடுக்கிறார்கள்.

அக்கா மேலே படித்ததில் மாமாவுக்கு விருப்பம் இல்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி, அக்காவுக்கு உரிமைக்காரர். ஆள் குள்ளம், குரல் மட்டும் எட்டுத் திக்கும் கேட்கும். பத்தாவதோடு நிறுத்திக் கல்யாணம் என்று பரிசத் தட்டோடு வந்து உட்கார்ந்தவரை அப்பா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடம் அவளை வைத்திருக்கிற வரைக்கும் அவள் படிப்பாள், பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் அடுத்த முகூர்த்தம் உன்னுடையது. மாமாவும் ஒப்புக்கொண்டார். ஊர் நடுவில் சொன்ன வார்த்தை. எங்கள் பக்கம் அதற்குப் பத்திரம் கிடையாது, பத்திரத்தைவிடக் கெட்டியானது அது.

அக்காவின் கணக்குப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒடுகத்தூர் சந்தையில் கடலை விற்கிறவரிடமிருந்து வாங்கியது. யாரோ படிப்பை விட்டவன் எடைக்குப் போட்ட புத்தகம். கடலைக்காரர் கடைசிப் பக்கங்களைக் கிழித்துப் பொட்டலம் மடித்துவிட்டிருந்தார். விடைகள் இருந்த பக்கங்களே அவைதான். அதனால் போட்ட கணக்கு சரியா தப்பா என்று பார்க்க அக்காவுக்கு ஒரே வழிதான் இருந்தது. வந்த விடையிலிருந்து ஒரு எண்ணை எடுத்துக் கணக்குக்குள்ளேயே திரும்பப் போட்டுப் பார்ப்பாள். பொருந்தினால் விடுவாள், இல்லையென்றால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். சாமையில் கல் பொறுக்குகிற மாதிரி அது அவளுக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது.

லீவில் வீட்டுக்கு வந்தால் எழுத ஒரு தகரம் வைத்திருந்தாள். அப்பா மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்துக் கூரை ஒழுகலுக்கு வைத்திருந்ததை எடுத்து, ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துப் பூசிக் கறுப்பாக்கினாள். அரைத்துக் கொடுத்தது நான். அந்தப் பச்சை நாற்றம் விரலை விட்டு இரண்டு நாள் போகாது. சுண்ணாம்புக் கட்டியால் எழுதும்போது தகரம் கிறீச்சிடும், ஆட்டுக்குட்டிகள் காதை விடைக்கும். பின்னாளில் அந்தத் தகரம் ஆட்டுப்பட்டிக்குக் கதவாகி, துருப்பிடித்து, எங்கேயோ போய்விட்டது. முதல் லாரி வாங்கிய ரசீதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். அந்தத் தகரத்தை எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

ஆனி கடைசியில் ஒரு புதன்கிழமை மத்தியானம் அக்கா மலையேறி வந்து வாசலில் நின்றாள். கையில் துணிப்பை, ஒரு கவர். நடு வாரத்தில் ஏன் வந்தாய் என்று அம்மா கேட்டதற்கு, கவரை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா அதை என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த இரண்டாவது ஆள் நான்தான். எனக்கு அதில் பெருமை அதிகம். கால்களை அகட்டி நின்று, பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் வாசிக்கிற மாதிரி உரக்க வாசித்தேன்: "தங்கள் மகள் வகுப்பில் ஒழுங்கு தவறி நடந்துகொண்டதால் தாங்கள் வெள்ளிக்கிழமை காலை நேரில் வர வேண்டியது. தவறினால் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பப்படும்."

வாசித்ததில் தவறு இல்லை. வாசித்த சத்தத்தில்தான் தவறு. பதினைந்து கூரைக்கும் கேட்டுவிட்டது. வயசுப் பெண் ஒழுங்கு தவறினாள் என்றால் ஊர் வேறு என்ன நினைக்கும்? அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுச் சின்னம்மா உப்பு கேட்கிற சாக்கில் வந்து அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு நாழிகைக்குள் மாமா வந்து அப்பாவின் எதிரில் நின்றார். அவருக்கு அப்பா மாமா முறை.

"நான் அப்பவே சொன்னேனா இல்லியா மாமா? படிச்சது போதும். கல்யாணத்துக்கு இன்னா தேதின்னு பூசாரியக் கேட்டுட்டு வர்றேன்."

"வெள்ளிக்கிழமை போய்ட்டு வர்றேன், அப்புறம் பேசலாம்" என்றார் அப்பா. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. என்னுடைய வாய் அம்மா வழி.

அன்று சாயங்காலம்தான் அக்கா நடந்ததைச் சொன்னாள். கணக்கு சார் பலகையில் ஒரு கணக்கு எழுதினார். மேலே பன்னிரண்டு. கீழே எக்ஸ் கழித்தல் இரண்டு. மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுத்தால் மூன்றைவிடப் பெரிதாக வர வேண்டும். எக்ஸ் என்னென்னவாக இருக்கலாம்? சார் கீழே இருந்ததை அந்தப் பக்கம் தூக்கி மூன்றோடு பெருக்கினார். பன்னிரண்டு பெரியது மூன்று எக்ஸ் கழித்தல் ஆறு. ஆறைத் தள்ளினார், மூன்றால் வகுத்தார். எக்ஸ் ஆறைவிடச் சிறியது என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

அக்கா பழக்கப்படி ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்தாள். ஒன்று, ஆறைவிடச் சிறியதுதானே? ஒன்றைப் போட்டால் கீழே கழித்தல் ஒன்று, வகுத்தால் கழித்தல் பன்னிரண்டு. அது மூன்றைவிடப் பெரியதா? எழுந்து கேட்டாள். உட்கார் என்றார். இரண்டைப் போட்டால் கீழே பூஜ்யம் வருகிறதே, பூஜ்யத்தால் வகுக்க முடியாதே என்று மறுபடியும் எழுந்தாள். அதற்குள் பின்பெஞ்சுப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவர்கள் சிரித்தது சாரைப் பார்த்து. அதற்கான தண்டனை வந்தது அக்காவுக்கு.

அம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பியது. "அட, கணக்குத்தானா?" என்று எழுந்துபோய் உலை வைத்தாள். அப்பாவின் முகம் மட்டும் தெளியவில்லை.

"வாத்தியாருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிபோச்சு? எம்மேலதான் தப்புன்னு சொல்லிட்டு வந்துடும்மா. நமக்கு இன்னா நட்டம்?"

அக்கா தகரத்தை எடுத்துத் துடைத்து, அதே கணக்கை மறுபடியும் எழுதி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை ஊரில் தேன் பங்கு. பாறைத் தேன் எடுத்து வந்திருந்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரு முறை உண்டு. பங்கு போடுகிறவரும், பக்கத்தில் சாட்சி நிற்கிறவரும் அன்றைக்குப் பாத்திரம் நீட்டக் கூடாது. அவர்கள் இருவருக்கும் மெழுகுதான். தேன் மற்றவர்களுக்கு. அளக்கிற கை தன் பாத்திரத்தைப் பார்க்கக் கூடாது என்று வைத்த முறை. அப்பா கை சுத்தம் என்று எப்போதும் அவரைத்தான் பங்கு போடச் சொல்வார்கள். அதனால் எங்கள் வீட்டில் மெழுகு நிறைய இருக்கும், தேன் இருக்காது. அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே கிழவியானாள்.

பங்கு முடிந்து அப்பா கையை நக்காமல் கழுவிக்கொண்டிருந்தார். புகை மணமும் தேன் மணமும் கலந்து அடித்தது, குளவி சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, பன்னெண்டு படி தேன் கீது. வந்தவங்கள்ல ரெண்டு பேரு மெழுகுக்குப் போயிடறாங்க. மிச்சம் இருக்கறவங்களுக்கு ஆளுக்கு மூணு படிக்கு மேல கிடைக்கணும். மொத்தம் எத்தனை பேரு வரலாம்?"

அப்பா விரலைக்கூட மடக்கவில்லை. "மூணு பேரு வரலாம், நாலு, அஞ்சு. ஆறு பேரு வந்தா ஆளுக்குச் சரியா மூணுதான், மேல வராது."

"ரெண்டே பேரு வந்தா?"

"ரெண்டு பேரும் மெழுகுக்குப் போய்ட்டா தேனை யாரு வாங்கறது? பங்கே இல்ல."

"ஒருத்தர் வந்தா?"

அப்பா சிரித்தார். "ஒருத்தன்ல ரெண்டு பேரை எப்படிடி எடுக்கறது?"

"அதத்தான்பா நான் சாரக் கேட்டேன்."

அப்பாவின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அக்காதான் தொடர்ந்தாள். சார் சொல்வது ஆறுக்குக் கீழே எல்லாம், நான் சொல்வது இரண்டுக்கு மேலே, ஆறுக்குக் கீழே. புத்தகத்தில் எக்ஸ் முழு ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, இரண்டரையாகவும் இருக்கலாம் என்றாள்.

"அரை ஆளு யாரு, உங்க மாமனா?" என்றார் அப்பா. அக்கா புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் சொல்கிறேன், எத்தனையோ வியாபாரிகளைப் பார்த்துவிட்டேன், தெரிந்த விஷயத்தைத் தெரியாதவனுடைய கைக்கு இப்படிக் கொண்டுவந்து சேர்க்கிற ஆளைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடப் பக்கமே போகாத அப்பா அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். அதுவும் சரியாக.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூவரும் இறங்கினோம். காகிதம் எதையாவது நீட்டினால் ரேகை வைப்பதற்கு முன்னால் வாசித்துச் சொல்ல நான். ஊர் எல்லையில் மாமா நின்றிருந்தார். வரும்போது அப்படியே ஒரு கூறைப்புடவைக்கு விலை கேட்டு வரச் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் பெரிய சார் அறையில் கோந்து வாசனை, நனைந்த குடை வாசனை. கணக்கு சார் ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். இளவயசு, சட்டைப் பையில் சாக்பீஸ் தூள். பெரிய சார் எழுதித் தயாராக வைத்திருந்த காகிதத்தை நகர்த்தி, பெண் கையெழுத்துப் போடட்டும், நீ ரேகை வை, முடிந்தது என்றார். அப்பா மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் மெதுவாகத்தான் வாசித்தேன். ஆசிரியரை எதிர்த்துப் பேசியது என் தவறு. நான் சொன்ன விடையும் தவறு. இனி இப்படி நடக்கமாட்டேன்.

"மொத வரிக்குக் கையெழுத்துப் போடறேன் சார்" என்றாள் அக்கா. "ரெண்டாவது வரிய எடுத்துடுங்க. விடை தப்பு இல்ல."

பெரிய சார் மேஜை இழுப்பறையைத் திறந்து இன்னொரு காகிதத்தை எடுத்து வைத்தார். மாற்றுச் சான்றிதழ். அக்காவின் பெயர் எழுதியே இருந்தது. இரண்டில் ஒன்று, எதுவென்று நீயே பார்த்துக்கொள் என்று அப்பாவிடம் சொன்னார். அவர் கத்தவில்லை. அவருக்கு அது ஒரு காலை வேலை, அவ்வளவுதான்.

அக்காவின் கால் கட்டைவிரல் சிமெண்டுத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. என்னால் அதை மட்டும்தான் பார்க்க முடிந்தது. அந்த ஒரு வரிக்குப் போட்டுவிட்டால் படிப்பு இருக்கும். போடாவிட்டால் மாமாவின் புடவை. நானாக இருந்தால் போட்டிருப்பேன். வியாபாரத்தில் அதைவிடப் பெரிய பொய்க்கெல்லாம் கையெழுத்துப் போட்டவன் நான், மறைப்பானேன்?

அப்பா மை பட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"ஐயா, எதிர்த்துப் பேசினது தப்புங்க. அதுக்கு நான் வேணும்னா கால்ல வுழறேன். ரெண்டாவது வரிக்கு மட்டும் ஒண்ணு கேக்கறேங்க." மேஜையிலிருந்த மைக்கூட்டை இடது கையால் எடுத்து, காகிதத்துக்கு நடுவில் தனியாக வைத்தார். "இது ஒருத்தர்ங்க. இதுல ரெண்டு பேரை எடுத்துட்டு, மிச்சம் இருக்கறவங்களுக்குப் பங்கு குடுத்துக் காட்டுங்க ஐயா. காட்டிட்டா ரேகை வச்சுடறேன்."

பெரிய சாருக்கு ஒன்றும் புரியவில்லை. மலைக்காரன் ஏதோ உளறுகிறான் என்று நினைத்துச் சிரித்தார். "யாருய்யா அந்த ரெண்டு பேரு?" என்று கேட்டார். அக்கா தேன் பங்கைச் சொல்லி விளக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு என்று அவள் சொன்னதுமே ஜன்னல் ஓரத்திலிருந்த சார் நகர்ந்து வந்துவிட்டார். மைக்கூட்டையே பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுப் பார்க்கிறார் என்று எனக்கே தெரிந்தது.

"சார், அந்த ரெண்டாவது வரிய அடிச்சுடுங்க" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"பொண்ணு சொல்றதுதான் சரி. கீழ இருக்கறது பூஜ்யத்துக்கு மேலயா கீழயான்னு பாக்காம நான் தூக்கிப் பெருக்கிட்டேன். பூஜ்யத்துக்குக் கீழ போனா பெரியது சின்னதா மாறிடும், அதை விட்டுட்டேன்." மைக்கூட்டைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் வரலாறு படிச்சவன் சார். உங்களுக்கே தெரியும்."

அந்த வயதில் எனக்கு அவர்மேல் வந்தது வெறும் இளக்காரம். தோற்றுவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். ஊருக்குத் திரும்பி அவரைப்போல நடந்து காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. புது வகுப்பு, கணக்குப் படித்த வாத்தியார் ஒருவரும் அந்த அடிவாரத்துக்கு வரத் தயாராக இல்லை, இருந்தவர் கையில் புத்தகத்தைத் திணித்துவிட்டார்கள். அவரும் தெரிந்தவரை எடுத்தார். மேலதிகாரிக்கும், ரேகை வைக்கிற ஒரு மனிதனுக்கும் முன்னால் நின்று நான்தான் தப்பு என்று சொல்ல எவ்வளவு நெஞ்சு வேண்டும்? நாற்பது வருஷ வியாபாரத்தில் நான் அப்படி ஒருதரம் சொன்னதாக ஞாபகம் இல்லை. அக்காவுக்கு அடுத்தபடி நான் கும்பிடுகிற ஆள் அவர்தான். இதையும் எழுதிக் கொடுக்கிறேன்.

பெரிய சார் பேனாவை எடுத்து இரண்டாவது வரியை அடித்தார். முதல் வரிக்கு அக்கா கையெழுத்துப் போட்டாள், அப்பா ரேகை வைத்தார். சான்றிதழ் இழுப்பறைக்குள் திரும்பப் போனது. அக்காவை வகுப்புக்குப் போகச் சொன்னார்கள்.

நாங்கள் கேட்டுக்குப் போவதற்குள் சார் புத்தகத்தோடு அக்காவைத் தேடி வந்தார். வேப்பமரத்தடியில் நிறுத்தி, அடுத்த கணக்கில் மேலேயும் எக்ஸ் கீழேயும் எக்ஸ், திங்கட்கிழமை எடுக்க வேண்டும், எனக்குப் பிடிபடவில்லை, உனக்கு வருகிறதா என்று கேட்டார். அவர் கேட்டதில் கிண்டல் இல்லை. அக்கா ஒரு குச்சியை எடுத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

மேலே எக்ஸ் கழித்தல் ஒன்று, கீழே எக்ஸ் கழித்தல் ஐந்து. வகுத்தால் பூஜ்யமாகவோ அதற்குக் கீழாகவோ வர வேண்டும். மண்ணில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். ஒன்று இருக்கிற இடத்தில் ஒரு கூழாங்கல்லை அழுத்தினாள். ஐந்து இருக்கிற இடத்தில் கல் வைக்காமல் வெறும் வட்டம் போட்டாள். கோடு மூன்று துண்டாயிற்று. ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்தாள். முதல் துண்டில் பூஜ்யம், நடுத்துண்டில் இரண்டு, கடைசியில் ஆறு. நடுத்துண்டு மட்டும்தான் பொருந்தியது.

"பெருக்கவே வேணாமா?" என்றார் சார், அவரும் உட்கார்ந்தபடி.

"வேணாம் சார். அது எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரியாம எப்படித் தூக்கறது?"

"ஒண்ணுல கல்லு வச்ச, அஞ்சுல ஏன் வெறும் வட்டம்?"

"மேல பூஜ்யம் வந்தா பரவாயில்ல சார், மொத்தமும் பூஜ்யம்தான். கீழ பூஜ்யம் வந்தா கணக்கே கிடையாது. அங்க யாரும் நிக்க முடியாது."

சார் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்தக் கோட்டையும் கல்லையும் வட்டத்தையும் புத்தக ஓரத்தில் அப்படியே வரைந்துகொண்டார். எனக்குத் தெரியும் என்று சொன்னேனே அல்ஜீப்ரா, அது இவ்வளவுதான். அங்கே நின்று பார்த்ததுதான். அக்கா அதற்கப்புறம் பிளஸ் டூ முடித்து, பட்டம் வாங்கி, அரசாங்க ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆகிவிட்டாள். கல்யாணமும் ஆனது, அவள் பார்த்துச் சொன்ன ஆளோடு. இன்றைக்கும் நான் என் பெருமையைப் பேசும்போது அவள் எதிரில் இருந்தால் கொஞ்சம் குறைத்துத்தான் பேசுவேன். நான் சொல்வதை எடுத்துப் போட்டுப் பார்த்துவிடுவாள்.

அவர்கள் இருவரும் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்கள். அப்பா போகலாம் என்று என் தோளைத் தொட்டார். மலையேறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். மைக்கறை படிந்த விரலை அப்பா வேட்டியில் துடைக்காமலே வைத்திருந்தார்.

ஊர் எல்லையில் மாமா அதே இடத்தில் நின்றிருந்தார். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பாதையில் யாரும் இல்லை.

"இன்னா மாமா, நீங்க மட்டும் வர்றீங்க. பொண்ணு எங்க?"

அப்பா நடையை நிறுத்தவில்லை.

"வாத்தியாருக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்துட்டு கீறா, மச்சான். வர்றதுக்கு நாளாவும்."